'லெட்' – விடுவதா, தடுப்பதா?

ஆங்கிலத்தில் 'லெட்' மூன்றே எழுத்துச் சொல். ஆனால் அதற்குள் இரண்டு சொற்கள் குடியிருக்கின்றன என்றால் நம்புவீர்களா?

முதலாவது நமக்குப் பழக்கமானது. 'லெட் ஹிம் கோ' என்றால் 'அவனைப் போகவிடு'. (இங்கே 'டு கோ' என்று எழுதக்கூடாது, மாணவர்களே! 'டு' கேட்பது 'அலவ்' என்னும் சொல்தான்.) வீட்டு வாசலில் 'டு லெட்' பலகை தொங்கினால் வாடகைக்கு விடப்படும் என்று பொருள். நம் 'விடு'வும் இந்த இரண்டு வேலைகளையும் செய்கிறது, பாருங்கள்!

இரண்டாவது 'லெட்' இதற்கு நேர் எதிர். பழைய ஆங்கிலத்தில் 'லேட்டன்' என்றால் விடுதல். 'லெட்டன்' என்றால் தடுத்தல். தாமதத்தைக் குறிக்கும் 'லேட்' இந்தத் தடுத்தலுக்கு உறவு. காலப்போக்கில் இரண்டும் ஒரே உருவம் எடுத்துக்கொண்டன. ஷேக்ஸ்பியரின் 'ஹேம்லெட்' நாடகத்தில் தடுத்தல் என்ற பொருளிலும் இச்சொல் வருகிறது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று இன்றும் இருக்கிறது. 'தடையோ இடையூறோ இன்றி' என்பது பொருள். 'அனுமதியின்றி' என்று படித்தால் எல்லாம் தலைகீழ்!

இன்னொரு நுட்பம். 'லெட்ஸ் கோ' என்றால் 'நாம் போகலாம்'. கேட்பவரும் அதில் அடக்கம். 'லெட் அஸ் கோ' என்பதற்கோ 'எங்களைப் போகவிடுங்கள்' என்றும் பொருள் வரும். 'நாம்', 'நாங்கள்' என்று தமிழ் பிரித்துச் சொல்வதை ஆங்கிலம் இப்படித்தான் சமாளிக்கிறது.

கடைசியாக, கவனமாக இருக்கவேண்டிய ஒன்று. முதலாளி கனிவான குரலில் 'வீ ஹேவ் டு லெட் யூ கோ' என்றால், அரைநாள் விடுப்பு கிடைத்தது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். வேலை போய்விட்டது என்பதே அதன் பொருள்! சொல் இனிப்பாக இருந்தாலும் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்களாக விலகுவதாகச் சொல்லும் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். மலேசியாவில் 12 மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவர் ஆட்குறைப்பில் நீக்கப்பட்டால், ஈட்டுத்தொகை பெறுவதற்கு 1980ஆம் ஆண்டு விதிமுறைகளில் வழி இருக்கிறது. தாமாக விலகியவருக்கு அது கிடைக்காது.

ஆகவே, 'லெட்' என்ற சொல் காதில் விழுந்தால் ஒரு கணம் யோசியுங்கள்: விடுகிறார்களா, தடுக்கிறார்களா, அல்லது கைவிடுகிறார்களா?