பழ ஈ சொல்லும் பாடம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

தேர்வுக்கு முந்தைய இரவில் நம் விடுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடிய விடிய விளக்கெரியும். ஐந்து பாடப் பிரிவுகளும் ஒரே இரவில் மனத்தில் ஏற்றப்படும். மறுநாள் அத்தனையையும் தாளில் இறக்கி வைத்துவிட்டு வெளியே வருவோம். அடுத்த வாரம் கேட்டால் ஒன்றும் நினைவில் இராது. இது படிப்புத்தானா என்பதே என் கேள்வி. விடை சொல்ல ஒரு சாட்சியை அழைக்கிறேன். கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈதான் அது!

ஈக்கு நினைவாற்றல் உண்டா என்று சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் சீமோர் பென்சர் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் ஈக்களுக்கு இரண்டு மணங்களைக் காட்டினார்கள். ஒரு மணத்தோடு மட்டும் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பின்னர் அந்த மணத்தை ஈக்கள் விலக்கின. 1974இல் இது வெளியாயிற்று. இரண்டே ஆண்டில், 1976இல், பாடம் மனத்தில் நில்லாத ஓர் ஈ வகையைக் கண்டார்கள். ஒரே ஒரு ஜீனில் ஏற்பட்ட மாற்றமே அதற்குக் காரணம். அதற்கு ‘டன்ஸ்’, அதாவது ‘மக்கு’ என்று பெயரிட்டார்கள்.

அந்த மக்கு ஈயிடம் என்ன குறை? செல்லுக்குள் செய்தி சுமக்கும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருளைச் சிதைக்கும் நொதி அதனிடம் குறைவு. ஆகவே அப்பொருள் அளவுக்கு மீறித் தேங்கியது. ‘ருடபாகா’ என்னும் மற்றொரு மறதி ஈயிலோ அதை உண்டாக்கும் நொதியில் பழுது. மிகுந்தாலும் மறதி, குறைந்தாலும் மறதி! நினைவு என்பது செல்லின் வேதியியலில் வேரூன்றியது என்பதை இவ்விரு ஈக்களும் காட்டிவிட்டன.

இனி நமக்குரிய பாடத்துக்கு வருவோம். டிம் டல்லியும் அவருடைய குழுவினரும் 1994இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரு கூட்டம் ஈக்களுக்குப் பத்துப் பயிற்சிகளை இடைவிடாமல் கொடுத்தனர். மற்றொரு கூட்டத்துக்கு அதே பத்துப் பயிற்சிகளை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 15 நிமிட ஓய்வு விட்டுக் கொடுத்தனர். முதற்கூட்டத்தின் நினைவு சில நாட்களில் கரைந்துவிட்டது. ஓய்வோடு கற்றவற்றின் நினைவோ ஒரு வாரத்துக்குப் பிறகும் நின்றது. புதிய புரதங்கள் உருவாவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது அந்த நீண்டகால நினைவு உண்டாகவில்லை. நிலைத்த நினைவுக்குச் செல் புதிதாகக் கட்டட வேலை செய்தாக வேண்டும். அதற்கு நேரம் தேவை என்பது இதனால் விளங்கும்.

ஈயும் மனிதனும் ஒன்றா என்று சிலர் கேட்கலாம். ஒன்றல்லதான். ஆனால் இடைவெளி விட்டுப் படிப்பதன் பயனை எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885இலேயே எழுதிவிட்டார். எரிக் கேண்டலுக்கு 2000இல் நோபல் பரிசு தேடித்தந்த கடல் நத்தை ஆய்வும் இதே சைக்ளிக் ஏ.எம்.பி.யைத்தான் சுட்டியது.

என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர வீட்டில் எவருமில்லை. விடுதியில் கண்டதையே செய்தேன். மறந்தபோதெல்லாம் நானே மக்கு என்று நொந்துகொண்டேன். என்னைப் போன்றோர் இங்குப் பலர். குறை நம் மூளையில் இல்லை, படிக்கும் முறையில்தான் இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பருவ முடிவில் பெருந்தேர்வு இருக்கட்டும். வாரந்தோறும் பத்து நிமிடம், சென்ற மாதப் பாடத்திலிருந்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். மதிப்பெண்கூட வேண்டாம். நண்பர்களே, நாமும் தினம் அரைமணி நேரம் பழைய பாடத்தைத் திருப்பிப் பார்ப்போம்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அடிக்கு அடி சற்று ஓய்வும் வேண்டும் என்கிறது பழ ஈ. அதன் பேச்சைக் கேட்போமே!