ஆழம் கற்பித்த பணிவு

கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்த நமக்கு நீச்சல் புதிதன்று. தோட்டத்துக் கிணறுகளிலும் முல்லைப் பெரியாற்றிலும் குதித்தே வளர்ந்தோம். அந்தத் துணிவில், ஸ்கூபா முக்குளிப்பின் தொடக்கநிலையை முடித்த கையோடு, 30 மீட்டர் ஆழம் வரை இறங்கும் மேல்நிலைப் பயிற்சியிலும் சேர்ந்தோம். கடல் முதல் நாளிலேயே நம் செருக்கை அடக்கியது.

அங்கே முதற்பாடம், நீரிடையே அசையாது மிதந்து நிற்பது. மூச்சை இழுத்தால் உடல் மேலெழும், விட்டால் தாழும். நாமோ கைகளை வீசி அடிமணலைக் கலக்கினோம். 30 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல் 4 மடங்கு. சிலிண்டர் காற்றும் அத்தனை விரைவாகத் தீரும். பதறுவோருக்கு அதனினும் விரைவு. நம் காற்றே முதலில் குறைந்தது. நம் பொருட்டு அனைவரும் மேலேறினர். மகன் வயதுள்ள ஆசிரியர், "மறுபடியும் செய்யுங்கள்" என்றார். முகம் சுண்டிப்போனது.

சிலிண்டரே இல்லாமல், கல்லைப் பற்றி ஒரே மூச்சில் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த கீழக்கரை முஸ்லிம்களை அப்போது நினைத்துக்கொண்டோம்.

மூஸா நபி (அலை) அவர்கள் இரு கடல்கள் சங்கமிக்கும் இடம்தேடிச் சென்று, கிள்ர் (அலை) அவர்களிடம் மாணவராக நின்றதைச் சூரத்துல் கஹ்ஃபில் ஓதுகிறோம். இறைத்தூதரே மாணவரானார். நாமோ வீட்டிலும் கடையிலும் ஜமாஅத்திலும் சொல்பவராகவே இருந்து பழகிவிட்டோம்.

அறியாத ஒன்றை இளையவரிடம் அமர்ந்து கற்போம். நாம் தடுமாறுவதையும் மீண்டும் முயல்வதையும் பிள்ளைகள் காணட்டும். பணிவைப் பற்றிய நம் அறிவுரைகளைவிட அது அவர்கள் நெஞ்சில் பதியும்.

அல்லாஹ் நமக்குப் பணிவை நல்குவானாக! ஆமீன்.