யாரிடம் போய்ச் சொல்வது?

பீலியில் தண்ணீர் நின்றுபோனால் அப்புத்தளைப் பக்கத்து லயத்துப் பெண் முதலில் தோட்ட ஆபிசுக்குப் போவாள். அங்கே பிரதேச சபைக்குப் போகச் சொல்வார்கள். சபையில் தோட்டத் துரையிடம் போகச் சொன்னால், அன்றைய பேரும் அதன் சம்பளமும் போய், வெறுங்குடத்தோடு லயத்துக்குத் திரும்புவாள்.

அரசு எதைத் தனியாரிடம் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு அந்தக் குடத்திலிருந்துதான் விடை தேட வேண்டும்.

இலங்கையில் 1972இலும் 1975இலும் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளிடம் போனது. தேயிலையைக் கொடுத்ததில் எனக்குக் குறையில்லை. கொழுந்தைத் தராசில் நிறுக்கலாம். ஏலத்தில் விலை தெரிந்துவிடும். ஆனால் தேயிலையோடு லயமும் தண்ணீரும் தோட்ட ஆஸ்பத்திரியும் பிள்ளைக்காம்பராவும் சேர்ந்தே போயின. பிள்ளைக்காம்பராவில் விட்ட குழந்தை அழுதுகொண்டே தூங்கியதா, சாப்பிட்டுத் தூங்கியதா என்று எந்தத் தராசு சொல்லும்? பிடிக்கவில்லையென்று தாய் அதை வேறிடம் தூக்கிப் போகவும் வழியில்லை. வேலை கொடுப்பவரே வீட்டையும் மருந்தையும் கொடுத்தால் குறைசொல்ல வாய் எழாது. இப்படிப்பட்ட சேவையைத் தனியாரிடம் கொடுத்தால் அரசு முன்னைவிடக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். இங்கே அது விலகி நின்றது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை செலவழிக்கத் தடையாக இருந்தது. வாக்கை மட்டும் சபை வாங்கிக்கொண்டது.

கொஸ்லாந்தை மீரியபெத்தை மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்தபோதும் லயங்களில் ஆட்கள் இருந்தார்கள். காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, எச்சரிக்கை இன்னொரு நிறுவனத்துடையது. மாற்றிடம் கொடுத்துக் குடும்பங்களை இறக்கும் கடமை எவர் கையிலும் முழுதாக இல்லை.

இதற்கு மாறாக, தோட்டப் பள்ளிக்கூடங்களை 1977இலிருந்து அரசு பொறுப்பேற்றது. குறை இன்னும் நிறையத்தான். ஆனாலும் வாத்தியார் வராவிட்டால் வலயக் கல்விப் பணிமனைக்குப் போகலாம் என்று பெற்றோருக்குத் தெரியும்.

கம்பனி நடத்தும் சேவைக்கும் அப்படியொரு வாசல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசோடு ஒப்பந்தம் செய்து பொதுச்சேவை நடத்தும் தனியாரையும் அந்தச் சேவையளவில் கட்டுப்படுத்துகிறது. லயத்துத் தண்ணீருக்குக் குத்தகைப் பத்திரத்தில் யார் பொறுப்பு, தவறினால் அரசு என்ன செய்யும் என்று பெருந்தோட்ட அமைச்சுக்கு எழுதிக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். கடிதம் தமிழிலேயே இருக்கலாம்.