மணி ஓய்ந்த கோயில்

தைப்பூசத்தன்று விடிவதற்குள் தாசேக் கெலுகோர் ரயில் நிலையம் களைகட்டிவிடும். பட்டர்வொர்த் போய், பெர்ரி ஏறி, தண்ணீர்மலைக்குப் போகும் கூட்டம் அது. போன தைப்பூசத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பேத்தி கேட்டாள்: “தாத்தா, வெள்ளி ரதம் ஓடக்கூடாதுன்னு கவர்மெண்ட் சொல்லிட்டா நாம என்ன செய்வோம்?”

சிரித்து மழுப்ப மனம் வரவில்லை. நம்மைப் போன்ற தமிழர்களுக்கே அப்படியொரு காலம் வந்திருக்கிறது.

1894-இல் பினாங்குக்கு வெள்ளி ரதத்தைக் கொண்டுவந்த நகரத்தார், பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனிலும் கடை வைத்திருந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் தமிழர்களும் அங்கே போனார்கள். மாரியம்மன் கோயிலும் தண்டாயுதபாணி கோயிலும் எழுந்தன. டோங் டூ தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் பள்ளிவாசல் கட்டினார்கள்.

1975 ஏப்ரல் 30-இல் சைகோன் கம்யூனிஸ்டுகள் வசமானது. 1978-இல் தனியார் வணிகம் ஒழிக்கப்பட்டது. தமிழர்களில் பெரும்பாலோர் வெளியேறினர். மாரியம்மன் கோயிலின் ஒரு பகுதி ஊதுவத்தித் தொழிற்சாலையானது. கூரையில் ஏற்றுமதிக்கான மீன் காய்ந்தது. சாமிக்கு ஏற்றும் ஊதுவத்தி அங்கே தயாரானது. சாமி கும்பிடத்தான் இடமில்லை.

வட்டித்தொழில் மீது அந்த ஊர் மக்களுக்குக் கோபம் இருந்தது உண்மைதான். ஆனால், கடன் கொடுத்தவரிடம் கணக்குக் கேட்பது வேறு. பூக்கட்டிப் பிழைத்தவள் கும்பிட்ட இடத்தைப் பறிப்பது வேறு.

அடி நமக்கு மட்டும் விழவில்லை. 1981-இல் வியட்நாம் அரசு தன் மேற்பார்வையில் ஒரே பௌத்த அமைப்பை உருவாக்கியது. அதில் சேர மறுத்த துறவி திக் குவாங் டோ, சிறையிலும் வீட்டுக்காவலிலும் பல ஆண்டுகள் கழித்து 2020-இல் காலமானார். பக்கத்துக் கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை பிக்குகளின் காவியுடை களையப்பட்டது. சாம் முஸ்லிம்கள் பன்றி இறைச்சி தின்னக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள்.

இடித்த சுவரைத் திரும்பக் கட்டலாம். வாயடைத்துப்போன வீட்டை என்ன செய்வது? பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று அப்பா பயந்தால் பிள்ளைக்குப் பாட்டு போய்ச் சேராது. அம்மா கும்பிடுவதை மறைத்தால் மகளுக்குக் குலதெய்வத்தின் பெயரும் தெரியாது. தடை நீங்கும் நாளில் சொல்லிக்கொடுக்க ஆளிருக்காது.

1986-க்குப் பிறகு வியட்நாமில் பொருளாதாரக் கட்டு தளர்ந்தது. மெல்ல மெல்லக் கோயில்களுக்கும் மூச்சு வந்தது. இன்று அந்த மாரியம்மனிடம் வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனரும். கோயில் சுவரில் தலைசாய்த்து வேண்டிக்கொள்கிறார்கள். ஆத்தா யாரையும் ‘நீ என்ன இனம்’ என்று கேட்கவில்லை. ஆனால் அவளைத் தமிழில் கூப்பிடும் குரல் அங்கே அரிது.

ரயில் வந்தது. “சரி தாத்தா, நாம என்ன செய்வோம்னு சொல்லவே இல்லையே?” என்றாள் பேத்தி.

“உனக்குத் தெரிஞ்ச காவடிப் பாட்டு ஒண்ணைச் சத்தமா பாடும்மா” என்றேன். கூச்சத்தோடு ஆரம்பித்தாள். இரண்டாம் வரிக்குள் பெட்டியே சேர்ந்து பாடியது. அதட்டி நிறுத்த யாரும் வரவில்லை. அது எவ்வளவு பெரிய சொத்து என்பது அன்றுதான் எனக்கும் உறைத்தது.