மூச்சு விடுமாம் மழைக்கோட்டு!

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கக் கடிதம் போட்டிருக்கிறார். மூன்று பக்கம் பெண்ணைப் பற்றி, ஒரு பக்கம் கோட்டைப் பற்றி. கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள், தோழிகளோடு ஆகஸ்டு மாதம் உத்தராகண்டில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்குக்கு நடைப்பயணம் போகிறாளாம். அதற்கு 'மூச்சு விடும் மழைக்கோட்டு' வேண்டும் என்கிறாள். விலை பத்தாயிரத்துக்கு மேல். அப்பா, "விருத்தாசலம் கடைவீதியில நானூறு ரூபாய்க்கு மோட்டார் சைக்கிள் கோட்டு கிடைக்குது. மழைன்னா மழைதானே?" என்கிறார். "கோட்டு எப்படியம்மா மூச்சு விடும்? விட்டால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வராதா? அவள் பத்திரமாகப் போய் வந்தால் போதும் எனக்கு" என்று முடித்திருக்கிறார் சகோதரி.

அவர் ஊர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். விருத்தாசலம் பீங்கான் ஜாடியில் ஊறுகாய் போட்டால் ஒரு சொட்டு வெளியே கசியாது. மேலே பளபளவென்று மெருகு பூசியிருக்கிறது அல்லவா? அதே மண்ணில் மெருகில்லாமல் சுட்ட பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் பானை வியர்க்கும். பிளாஸ்டிக் கோட்டு என்பது ஜாடி. வெளித் தண்ணீர் உள்ளே வராது, உள் வியர்வையும் வெளியே போகாது. நனையாமல் வந்து சேர்ந்தோம் என்று கோட்டைக் கழற்றினால் உள்ளே ஜாக்கெட் தொப்பலாக இருக்கும். மழை நனைத்ததா, நம் வியர்வை நனைத்ததா என்று தெரியாது!

அதற்காகக் கோட்டைப் பானை மாதிரியும் செய்ய முடியாது. பானையில் தண்ணீரே அல்லவா கசிகிறது? ஆவி மட்டும் போக வேண்டும், தண்ணீர் வரக் கூடாது. இதற்கு நம் இட்லித் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி கீழிருந்து மேலே வருகிறது, மாவு கீழே ஒழுகுவதில்லை. மூச்சு விடும் கோட்டின் நடுவில் இப்படித்தான் ஒரு மெல்லிய ஏடு இருக்கிறது. அதன் கண்கள் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்மையானவை. ஆவி அதில் நுழைந்து போகும். துளியாகத் திரண்ட தண்ணீருக்கு வழி கிடைக்காது, அந்தப் பொருளுக்குத் தண்ணீரோடு ஒட்டும் சுபாவமும் இல்லை.

அது என்ன பொருள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருக்கிறதே, அந்த டெஃப்ளான்தான்! 1938ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற ரசாயன நிபுணர் தற்செயலாகக் கண்டது. 1958ல் பில் கோர் என்பவரும் அவர் மனைவி ஜெனிவீவும் டெலவேர் மாநிலத்தில் தங்கள் வீட்டு நிலவறையில், இந்தப் பொருளைக் கொண்டு மின்கம்பி உறை செய்யும் தொழில் தொடங்கினார்கள். 1969ல் அவர்கள் மகன் பாப் கோர், சுட வைத்த டெஃப்ளான் குச்சியை மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றும் முறிந்தது. அலுத்துப் போய் ஒன்றை வெடுக்கென்று இழுத்தாராம். அது முறியாமல் பல மடங்கு நீண்டு, உள்ளே கோடிக்கணக்கான நுண்கண்களோடு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. அதிலிருந்து வந்ததுதான் 'கோர்-டெக்ஸ்'. 1976ல் மழைக்கோட்டாகக் கடைக்கு வந்தது. இப்போது இதைப் போலப் பல கம்பெனிகள் பல பெயரில் செய்கின்றன. சிலவற்றில் கண்களே இல்லாத ஏடு, ஈரத்தைத் தான் உறிஞ்சி வெளிப்பக்கம் விடுகிறது.

சரி, விளம்பரத்தில் சொல்கிறபடி நடக்கிறதா? இங்கேதான் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

கோட்டின் சீட்டில் இரண்டு எண் போட்டிருப்பார்கள். 10,000 மில்லிமீட்டர் என்றால், துணி மேல் பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துகிற அழுத்தத்தையும் அது தாங்கும் என்று பொருள். நம் மழைக்கு இது தாராளம். பையின் வார் அழுத்தும் தோள்பட்டை, ஈரப்பாறையில் உட்காரும் இடம் இவற்றில்தான் சோதனை. இரண்டாவது எண் மூச்சுக்கு. அதுவும் 10,000 என்றால், ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் பத்து லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும் என்று கணக்கு. பெரிய தொகையாகத் தோன்றுகிறதல்லவா? மணிக்கு வகுத்தால் நானூறு மில்லி சொச்சம். முதுகில் மூட்டையோடு செங்குத்தாக மலை ஏறுகிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்க்கும். அந்த நானூறும் சோதனைச் சாலையில், புத்தம் புதுத் துணியில், அவர்களுக்குச் சௌகரியமான சூட்டில் அளந்தது. ஆகவே ஏற்றத்தில் எந்தக் கோட்டும் முழுக்க மூச்சு விடாது, எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் சரி. சமதளத்திலும் இறக்கத்திலும் நிதானமாக நடக்கும்போதுதான் அது வியர்வைக்கு ஈடு கொடுக்கும்.

இன்னொரு விஷயம் கடைக்காரர் சொல்ல மாட்டார். ஆவி தானாக வெளியே ஓடாது. உள்ளே வெப்பமும் ஈரமும் கூடுதலாக இருந்து, வெளியே குளிர்ச்சியும் வறட்சியும் இருந்தால்தான் போகும். சமையலறையில் ஜன்னலைத் திறந்தும், வெளியேயும் புழுக்கமாக இருந்தால் என்ன பிரயோஜனம்? அப்படித்தான். கடலூர் ஜில்லாவில் ஐப்பசி அடைமழையில் இந்தக் கோட்டைப் போட்டால் அதுவும் ஜாடிதான். கல்வராயன் மலை, கொல்லிமலை, ஏற்காடு எல்லாம் ஏறக்குறைய இந்தக் கதைதான். அங்கே காற்றில்லாத மழைக்கு நல்ல குடையைப் போல மூச்சு விடுகிற சாதனம் வேறு கிடையாது! வயலில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு நாற்று நட்ட பெண்கள் முட்டாள்கள் இல்லை. முதுகு நனையாது, கீழெல்லாம் காற்றாட இருக்கும்.

நீலகிரி கொஞ்சம் வேறு. கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் காற்றும் சேர்ந்து அடிக்கும், குளிரும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி நாளில் கோட்டு என்ன, வீட்டை விட்டே கிளம்பக் கூடாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வனத்துறை மூலம் 40 மலைப் பாதைகளை வழிகாட்டியோடு திறந்துவிட்ட பிறகு, நம் வீட்டுப் பெண்கள் நிறையப் பேர் கிளம்ப ஆரம்பித்துவிட்டார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் பாதையை மூடியிருக்கிறோம் என்று வனத்துறை சொன்னால் மூடியதுதான். கோட்டு இருக்கிறதே என்று போகக் கூடாது.

இப்போது அந்தப் பெண்ணின் பயணத்துக்கு வருவோம். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் சுமார் ஆறரை டிகிரி சூடு குறையும். பூக்களின் பள்ளத்தாக்கு 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதாவது விருத்தாசலத்து வெயிலிலிருந்து இருபது டிகிரிக்கு மேல் கழித்துக்கொள்ளுங்கள். பூக்கள் பூப்பதே மழையில்தான், அதனால் மழை நிச்சயம். 1939ல் ஜோன் மார்கரெட் லெக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தாவரம் சேகரிக்க அங்கே போய், பாறை வழுக்கி விழுந்து இறந்து போனார். கல்லறை அங்கேயே இருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஈரப்பாறையில் கோட்டை விடச் செருப்பு முக்கியம் என்பதற்காகச் சொல்கிறேன். அடியில் நன்றாகப் பள்ளம் வெட்டிய பூட்ஸை ஒரு மாதம் முன்னாலேயே வாங்கி ஊரில் போட்டு நடந்து பழக்கிவிட வேண்டும்.

அம்மாக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து உறைபனி இல்லை, ஈரமும் காற்றும்தான். பத்து டிகிரிக் குளிரில் நனைந்த உடையோடு காற்றில் நின்றால், உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடலாம். முதலில் கிடுகிடுவென்று நடுக்கம். பிறகு பேச்சு குழறும், கால் தடுமாறும், பொத்தான் போடக்கூடக் கை வராது, "எனக்கு ஒண்ணுமில்லை" என்று எரிந்து விழுவார்கள். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள், அதுதான் மோசமான கட்டம். உடனே காற்றுப்படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத்துணி அனைத்தையும் கழற்றி, உலர்ந்த உடையும் கம்பளியும் போர்த்தி, தலையையும் மூட வேண்டும். நினைவோடு இருந்தால் சர்க்கரை தூக்கலாகச் சூடான டீ கொடுக்கலாம். பிராந்தி கூடவே கூடாது. கை காலைத் தேய்க்கவும் கூடாது. அடுத்து, தாமதிக்காமல் டாக்டர். இந்த அடையாளங்களைப் பெண்ணுக்கும் அவள் தோழிகளுக்கும் சொல்லி அனுப்புங்கள்; நடுங்குகிறவளுக்குத் தன் நிலை தெரியாது, பக்கத்தில் இருப்பவள்தான் கவனிக்க வேண்டும்.

ஆகவே சகோதரி, அங்கே நல்ல கோட்டு அவசியம்தான். மோட்டார் சைக்கிள் கோட்டு வேண்டாம். ஏற்றத்தில் வியர்வையில் ஊறி, மேலே போய் நின்றதும் அந்த ஈரமே குளிர்ந்து உடம்பைப் பிடிக்கும். ஆனால் பத்தாயிரத்துக்கு மேல் கொடுக்கவும் வேண்டியதில்லை. பெரிய எண்ணுக்குப் பணம் கொடுக்காமல் தையலைப் பாருங்கள். உள்பக்கம் ஒவ்வொரு தையல் மேலும் நாடா ஒட்டியிருக்க வேண்டும், ஊசித் துளை வழியாகத்தான் முதலில் தண்ணீர் வரும். அக்குளில் ஜிப் இருந்தால் விடாதீர்கள். ஏடு விடுகிற மூச்சை விட அந்த ஜிப் விடுகிற மூச்சு அதிகம் என்பது என் அபிப்பிராயம். தலைமூடி இழுத்துக் கட்டும்படி, முன்பக்கம் சின்ன விளிம்போடு இருக்கட்டும். ஸ்வெட்டர் உள்ளே போடும் அளவு தளர்வாகவும் வேண்டும். யாராவது சிநேகிதி வைத்திருந்தால் இரவல் வாங்குவதில் தப்பே இல்லை.

மிச்சமாகும் பணத்தை உள்ளாடையில் போடுங்கள். பருத்தி நம் ஊருக்கு அமிர்தம், அங்கே எதிரி. நனைந்த பருத்தி உலரவே உலராது. பாலியெஸ்டர் பனியனோ மெல்லிய கம்பளிப் பனியனோ வேண்டும், இரண்டு ஜோடி. ஒரு ஜோடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, இரவு தங்கும் இடம் சேரும் வரை பிரிக்கவே கூடாது. ஏறத் தொடங்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு லேசாகக் குளிரட்டும் என்றே கிளம்ப வேண்டும், நின்றதும் போட்டுக்கொள்ளலாம்.

வாங்கிய கோட்டை வீட்டில் சோதிக்கலாம். எவர்சில்வர் டம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றி, கோட்டின் கைப்பகுதியை உள்புறம் கீழாக வருமாறு மேலே மூடி, அதற்கு மேல் சில்லென்ற தட்டை ஒரு விரல் இடைவெளியில் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் தட்டில் வியர்வை படிந்தால் ஆவி வருகிறது என்று அர்த்தம். வாயை வைத்து ஊதிப் பார்த்துவிட்டு "மூச்சே விடலையே" என்று கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். காற்று புகாமல் இருப்பதுதான் அதன் லட்சணம், ஆவி மட்டுமே போகும்.

பள்ளிக் குழந்தைகளுக்கு இதெல்லாம் வேண்டுமா என்று இளந்தாய்மார்கள் கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம். சாதாரணக் கோட்டே போதும், தொளதொளவென்று வாங்குங்கள். வகுப்பில் நுழையும் முன் கழற்றி உதறச் சொல்லுங்கள். கோட்டுக்குள் வியர்த்த பனியனை வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிட்டால் வேர்க்குருவும் அரிப்பும் அண்டாது.

கடைசியாகத் துவைக்கும் விவரம். இந்தக் கோட்டின் மேல்துணியில் சேப்பங்கிழங்கு இலை மாதிரி தண்ணீர் உருண்டோட ஒரு பூச்சு இருக்கும். அது தேய்ந்தால் மேல்துணி தண்ணீர் குடித்துக் கனக்கும், ஆவி வெளியேறவும் வழி அடைபடும். ஓட்டை விழுந்துவிட்டது என்று பலர் தூக்கிப் போடுவது இதனால்தான். பழைய பூச்சுகளில் இருந்த ஃப்ளோரின் சரக்கு மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குகிறது என்று கம்பெனிகள் இப்போது அதைக் கைவிட்டு வருகின்றன. புதுப் பூச்சு எண்ணெய்ப் பிசுக்குக்குச் சீக்கிரம் மசியும், ஆகவே அடிக்கடி அலச வேண்டும். சோப்புத்தூள் வேண்டாம், மிதமான திரவ சோப்பு போதும். துணி மிருதுவாகவும் வாசனையாகவும் இருக்கப் போடும் திரவத்தைக் கிட்டேயே கொண்டு வராதீர்கள், அது பூச்சைக் கெடுத்துவிடும். இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல் நிழலில் காயப் போடுங்கள். காய்ந்ததும், சீட்டில் இஸ்திரி போடலாம் என்று இருந்தால், மேலே ஒரு துண்டை விரித்துக் குறைந்த சூட்டில் தேயுங்கள். படுத்துக் கிடந்த பூச்சு அந்தச் சூட்டில் மறுபடி நிமிர்ந்துகொள்ளும். நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டால் கோட்டு தயார். உருளாமல் ஊறினால் மறுபூச்சு மருந்து கடையில் கிடைக்கிறது, அதைத் தெளித்து இன்னொரு தரம் தேய்க்க வேண்டியதுதான்.