ஓரத்தில் ஆடினால் கோழையா?

எங்கள் அபார்ட்மென்ட் பையன் ஒருவன் செஸ் வகுப்பில் ஜெயித்துவிட்டு அழுதுகொண்டே வந்தான். பத்து வயசு. முதல் நகர்த்தலாகக் குதிரையை எடுத்து வைத்தானாம். 'நடுச் சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளணும்னு சொல்லிக் குடுத்தேன்ல? ஓரத்துல பதுங்குறது பயந்தாங்கொள்ளி ஆட்டம்' என்று எல்லோர் முன்னாலும் மாஸ்டர் திட்டிவிட்டார். ஜெயித்தது கணக்கிலேயே வரவில்லை!

மாஸ்டருக்கு ஒரு பழைய கதை. 1924 மார்ச் 22, நியூயார்க். கறுப்புக் காய்களோடு உலக சாம்பியன் கபாபிளாங்கா. 1916-க்குப் பிறகு போட்டிகளில் தோற்றே அறியாத மனுஷர். எதிரே ரிச்சர்ட் ரேட்டி. (பக்கத்து மாநில ரெட்டிகாரு அல்ல. செக்கோஸ்லோவாக்கியாக்காரர்.)

ரேட்டியும் முதலில் குதிரையைத்தான் எடுத்தார். அப்புறம் பக்கவாட்டுச் சிப்பாய்கள். இரண்டு பிஷப்பும் ஓரமாக உட்கார்ந்து, மூலைக்கு மூலை நீளும் கோடுகளில் நடுக்கட்டங்களைக் குறிவைத்தன. நடுவில் முதலில் சிப்பாயை நிறுத்தியது கபாபிளாங்காதான். ரேட்டியின் ராஜா முன் சிப்பாய் 15-வது நகர்த்தலில்தான் அசைந்தது. அதுவும் ஒரே கட்டம். அடுத்த நகர்த்தலில் ராணி முன் சிப்பாய் நடுவில் மோத, கறுப்பின் கட்டுமானம் கலகலத்தது. 31-வதில் வெள்ளை யானை கறுப்பு ராணியைத் தாக்கியது. சாம்பியன் ராஜினாமா!

குருட்டு அதிர்ஷ்டம் என்பீர்களா? அதே போட்டியில் அதே தொடக்கத்தோடு போகோல்யுபோவையும் சாய்த்து, அழகான ஆட்டத்துக்கான முதல் பரிசை வாங்கினார் ரேட்டி. லாஸ்கரிடம் அது பலிக்கவில்லை, தோற்றார். அதனால் என்ன? நடுச் சிப்பாயைத் தள்ளியவர்கள் தோற்றதே இல்லையா? நடுக்கட்டங்கள் முக்கியம் என்பதை ரேட்டி மறுக்கவில்லை. அங்கே போய் நிற்காமலேயே ஆளலாம் என்று காட்டினார், அவ்வளவுதான்.

நான் பி.காம். 'உள்ளே வந்தால் டெபிட், வெளியே போனால் கிரெடிட்' என்று மூன்று வருஷம் ஒப்பித்தவன். முதல் சம்பளம் பேங்கில் விழுந்தபோது பாஸ்புக்கில் கிரெடிட் என்றிருந்தது. தலை சுற்றியது. 'அது எங்க பேங்கோட கணக்கு சார், உங்களோடது இல்ல' என்று கேஷியர் விளக்கிய அந்த ஒரு நிமிஷத்தில் கற்றதை, மூன்று வருஷமாக எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

நடுக்கட்டம் ஏன் முக்கியம் என்று அந்தப் பையனைக் கேட்டேன். 'சார் சொன்னார்' என்றான். இதற்கா மாசாமாசம் ஃபீஸ்?

பையன் இப்போது சமர்த்தாக நடுச் சிப்பாயைத் தள்ளுகிறான். அடுத்த மாசத்துக்கும் கட்டிவிட்டார்கள்.