காரு குடிக்குது சரி, ஓனர் பாத்தாரா?

திருவண்ணாமலையில் ஏதாவது ஒரு டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். பழைய டிசைர் டீசல் ஒன்று கட்டாயம் நிற்கும். மீட்டர் மூன்று லட்சம் தாண்டியிருக்கும். "வண்டி எப்டிண்ணே?" என்று கேட்டால், "சூப்பரா இருக்கு தம்பி, கொஞ்சம் ஆயில் குடிக்கும், அவ்ளோதான்" என்பார். எவ்வளவு குடிக்கும்? தெரியாது. டிப்ஸ்டிக்கைக் கடைசியாக எப்போது இழுத்துப் பார்த்தார்? "அதெல்லாம் சர்வீஸ்ல பாத்துக்குவாங்க." போச்சுடா!

வயசான இன்ஜின் ஆயில் குடிப்பது ஒன்றும் குற்றமில்லை. புது வண்டிக்கே 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம் என்று எழுதி வைத்திருக்கும் கம்பெனிக் கையேடுகள் உண்டு. எவ்வளவு போகிறது என்றே தெரியாமல் ஓட்டுகிறார்களே, அதுதான் குற்றம்.

அந்த டிசைரையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது ஃபியட் வடிவமைத்த 1248 சிசி டீசல் இன்ஜின். ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா எல்லாவற்றிலும் இதேதான். 2020-ல் பிஎஸ்-6 வந்ததும் மாருதி டீசலையே நிறுத்திவிட்டது, ஆக இன்று ஓடுகிற எல்லாமே பழசு. இது பிடிப்பதே மூன்று லிட்டர் சொச்சம் ஆயில். அதில் ஒரு லிட்டர் காணாமல் போனால் மூன்றில் ஒரு பங்கு அவுட். போதாததற்கு, டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. ஆயில் குறைந்தால் செயின் தளரும். செயின் தாவினால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அப்புறம் என்ன, இன்ஜினைப் பிரித்துப் பரப்ப வேண்டியதுதான்.

"சிவப்பு லைட் எரியுமே" என்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு. அந்த லைட் ஆயில் பிரஷரைக் காட்டுவது, அளவை இல்லை. அது எரியும்போது காரியம் கைமீறியிருக்கும்.

அடுத்து, "5000 கிலோமீட்டருக்கு ஒருதரம் பாத்தா போதும்" கோஷ்டி. இந்த ஊருக்கு அந்தக் கணக்கு ஒத்தே வராது. பௌர்ணமி அன்று ஊருக்குள் வரும் ரோடுகளில் வண்டி ஊர்ந்துதான் போகும். ஏசி போட்டபடி மணிக்கணக்கில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், மீட்டரில் பத்து கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது. அந்த நேரத்திலும் ஆயில் போய்க்கொண்டுதான் இருக்கும். 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோடு நடக்கிறவர் மூக்கில் ஏறும் அந்த நீலப் புகை பின்னே எங்கிருந்து வருகிறதாம்?

மெக்கானிக் வைத்தியம் இரண்டே இரண்டு. ஒன்று, "கெட்டி ஆயில் ஊத்து". பழைய அம்பாசடருக்கு 20W-50 சரி, ஏனென்றால் அந்த இன்ஜினே அந்தக் காலத்து ஆசாமி. இடைவெளி குறைந்த புது இன்ஜினில் அதை ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஆயில் ஏறத் தாமதமாகும், தேய்மானம்தான் கூடும். இன்னொன்று, எடுத்த எடுப்பில் "ரிங் வேலை பண்ணிடலாம்". அட, ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பாருங்களேன்! நிறுத்தின இடத்தில் தரையில் சொட்டு இருந்தால் அது லீக். ரொம்ப நேரம் ஐடிலில் நின்று கிளம்பும்போது மட்டும் நீலப் புகை குப்பென்று வந்தால் வால்வ் சீலாக இருக்கலாம், ரிங்கை விட ரொம்பச் சின்ன செலவு. மிதிக்கும்போதெல்லாம் விடாமல் வந்தால் ரிங்கைச் சந்தேகப்படலாம். டர்போ சீலும் உள்ளுக்குள்ளேயே ஆயிலைக் கசியவிடும். ப்ரீதர் குழாய் அடைத்திருந்தால்கூட ஆயில் போகும், அதற்கு ஆகிற செலவு ஒரு துடைப்புத் துணி :-)

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. வாரம் ஒருநாள் காலையில், சமதரையில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் டிப்ஸ்டிக்கை இழுத்து, துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். மீட்டரையும் ஊற்றின அளவையும் டிரிப் நோட்டிலேயே குறிக்கலாம். குறைந்தால் அதே கிரேடு, அரை அரை லிட்டராக. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுகிற தாராளப் பிரபுக்களும் இருக்கிறார்கள். அப்படி ஊற்றினால் கிராங்க் அதை நுரையாக அடித்துவிடும், அதுவும் ஆபத்து. "ஊத்திக்கிட்டேதான இருக்கோம், எதுக்கு மாத்தணும்?" என்பது அடுத்த அபத்தம். புது ஆயிலை மேலே ஊற்றினால் பழைய கரி கீழே கரைந்து ஓடிவிடுமா என்ன?

டியூ கட்டி ஓட்டுகிற டிரைவருக்கு அரை லிட்டர் ஆயில் செலவாகத் தெரிகிறது, வாஸ்தவம்தான். பெங்களூர் சவாரியை ஏற்றிக்கொண்டு செங்கம் தாண்டி, சிங்காரப்பேட்டை பக்கம் ராத்திரி பதினோரு மணிக்கு இன்ஜின் ஜாம் ஆகி நின்றால், பின் சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அவர் என்ன பதில் சொல்வார்?